பள்ளி நாளில் விட்ட மாத்திரை

ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அப்படிப்பட்டவளை நான்கு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதற்கப்புறம் ஆறு வாரம் வேன் சாவியைத் தொடக் கூடாது என்றார்கள். அந்த நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கிறவர்கள், "பிரஷர்தானே கமலாக்கா, ரெண்டு மாத்திரய போட்டா போச்சு லா" என்கிறார்கள். அப்போது எனக்கு வருகிற கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்தும் அதற்கு வெளியே உள்ள தாமான் குடியிருப்பு வீடுகளிலிருந்தும் பன்னிரண்டு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவேன். காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குப் பள்ளி விட்டால், கடைசிப் பிள்ளையை இறக்கும்போது இரண்டை நெருங்கிவிடும். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தேன். வேனில் ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் நான் இறங்க மாட்டேன். பெட்ரோல் போட மாட்டேன், ரொட்டி வாங்க மாட்டேன், ஒண்ணுக்கும் போக மாட்டேன்.

இந்தச் சட்டம்தான் என்னைக் கவிழ்த்தது.

நான்கு வருஷத்துக்கு முன் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது ரத்த அழுத்தம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கிற அழுத்தம் மேல் எண். அது தளர்ந்து ஓய்வெடுக்கும்போது இருப்பது கீழ் எண். எனக்கு டயரில் காற்றுப் பார்க்கத் தெரியும் என்பதால் இது உடனே புரிந்தது. டயரென்றால் காற்று கூடினால் வண்டி தூக்கிப் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இது எதையும் காட்டவில்லை. தலைவலிகூட இல்லாமல் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன். சும்மா இருக்கிறவளைப் பிடித்து நோயாளி ஆக்குகிறார்களே என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது. இன்னொன்று உடம்பில் இருக்கிற உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியேற்றுவது. தண்ணி மாத்திரை என்பார்கள். அதைக் காலையில் சாப்பிடச் சொன்னார்கள். முதல் நாள் சாப்பிட்டுவிட்டு வேனை எடுத்தேன். பாதி வழியில், பின்னால் ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. பள்ளி வாசலில் கடைசிப் பிள்ளை இறங்கியதும் ஓடினேன். எட்டவில்லை. ஈரப் பாவாடையோடு வீடு வந்து சேர்ந்தேன். அன்றே முடிவு செய்தேன், பள்ளி நாளில் தண்ணி மாத்திரை கிடையாது. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, இந்த நாட்களில் மட்டும் சாப்பிடுவேன்.

கிளினிக் தேதி வந்தால் மூன்று நாள் முன்னாலிருந்து உப்பைக் குறைத்து ஒழுங்காக இருப்பேன், பரீட்சைக்குப் படிக்கிறது மாதிரி. அப்படியும் எண் இறங்காது. "மருந்து சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்பார். "சாப்பிடறேன் டாக்டர்" என்பேன். அவர் என்னை நம்பி முதல் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த தடவை மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். இப்படியே நான்கு வருஷம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே பின்மண்டையில் கனம். மதிய நடையில் பத்துப் பேரை இறக்கிவிட்டேன். கடைசியாகத் தேவியின் இரண்டு பெண்கள், பத்து வயது யாழினியும் ஏழு வயது மீராவும். தேவிக்குச் சுங்கை காடுட்டில் ஃபேக்டரி வேலை. மதியம் பிள்ளைகள் போகும்போது அவள் மாமனார் மட்டும் வீட்டில் இருப்பார். செம்பனைக்கு நடுவே போகிற தோட்டத்துச் சாலை அது. குலை ஏற்றிய லாரிகள் எதிரே வரும். திடீரென்று சாலையின் வலது பக்கம் அழிந்துபோன மாதிரி தெரிந்தது. கண்ணைக் கசக்கினேன், தெளியவில்லை. "ஆண்ட்டி, எங்க வீடு தாண்டிருச்சு" என்று யாழினி சொல்வது கேட்டது. கேட்டது, ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். வேன் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எப்படி நிறுத்தினேன் என்று தெரியாது. ஓரமாகப் புல்லில் ஏறி நின்றிருந்தது. கதவு இழுபடுகிற சத்தம் கேட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால், யாழினி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, லாரி வரும் அந்தச் சாலையில் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். இரண்டு புத்தகப் பையையும் அவளே சுமந்திருந்தாள். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு வந்தது. கணவருக்குப் போன் போட்டேன். அவர் செம்பனை எண்ணெய் மில்லில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்க்கிறார். "பிள்ளைங்க?" என்றுதான் முதலில் கேட்டார். "எல்லாத்தையும் எறக்கிட்டேன்" என்றேன். அந்த நேரத்தில் அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அவர் வந்து என்னைச் சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவசரப் பிரிவில் அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினார்கள். இருநூற்றுப் பதினான்கு, நூற்றுப் பதினெட்டு. நர்ஸை மிஸ்ஸி என்போம்; மலாய்க்கார மிஸ்ஸி ஒருத்தி அந்த எண்ணைப் பார்த்ததும் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு யாரையோ கூப்பிட்டாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத்தின் துடிப்பைக் கோடு கோடாக எடுத்தார்கள். ரத்தம், சிறுநீர் எடுத்தார்கள். தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். "ஜங்கான் கெராக், ஆண்ட்டி, அசையாதீங்க" என்று மிஸ்ஸி மூன்று தடவை சொன்னாள். அசையாமல் இருப்பது எனக்கு ஸ்கேனைவிடப் பெரிய சோதனை.

முடிவுக்காகத் தள்ளுகட்டிலில் கிடந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒன்றை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கண்ணாடியில் தெரிந்த அந்த இரண்டு பைகளை. கை கால் விழுந்துவிடுமோ என்ற பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

டாக்டர் இளம் பெண், தமிழ்ப் பெண். "ஸ்ட்ரோக் இல்ல ஆண்ட்டி. ஆனா பிரஷர் அவ்ளோ ஏறுனதால மூளை கொஞ்ச நேரம் தடுமாறிருச்சு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா நெலம வேற" என்றார். பக்கத்தில் நின்ற என் கணவர், "நல்ல வேள டாக்டர், பிள்ளைங்கள எல்லாம் எறக்கி விட்டப்புறம்தான் ஆச்சு" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். "மருந்து ஒழுங்கா சாப்பிடுவாங்களா?" என்று கேட்டதற்கும் அவர்தான் பதில் சொன்னார். "அதெல்லாம் கரெக்டா இருப்பா." பாவம், அவருக்கு சனி ஞாயிறுதான் பகல் வேலை இல்லை. அன்றைக்கெல்லாம் நான் கரெக்டாகத்தான் இருப்பேன்.

வார்டில் நாட்கள் நகரவே இல்லை. பட்டை அரை மணிக்கு ஒருமுறை தானாக ஊதிக் கையை இறுக்கும். இரவில் கண்ணயர்ந்தால் எழுப்பிவிடும். பக்கத்துக் கட்டில் சீனத்திப் பாட்டி குறட்டை விடுவாள், அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத மீன். கட்டிலிலிருந்து கதவுக்கு எத்தனை எட்டு, கதவிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை எட்டு என்று எண்ணினேன். நடக்காதே என்று மிஸ்ஸி திட்டினாள். நான் பதிலுக்குத் திட்டினேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன், அன்று சாயங்காலமே மறுபடி திட்டினேன்.

என் கணவர் பார்வை நேரம் தொடங்கும் முன்பே கதவுக்கு வெளியே வந்து நிற்பார். பெரிதாக எதுவும் பேச மாட்டார். இரண்டாம் நாள், ஊசி குத்திய கையால் என்னால் தலை வார முடியவில்லை என்று பார்த்துவிட்டு, சீப்பை எடுத்து என் முடியைச் சிக்கெடுத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. பின்னல் போடத் தெரியாமல் ரப்பர் பேண்டைச் சுற்றி முடிந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. தலை வாரியதற்காக அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். இவரிடம் பொய் சொல்லியிருக்கிறேனே என்றுதான் அழுதேன்.

மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றியது. அழுத்தம் தொண்ணூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. மிஸ்ஸி கண் முன்னால் எல்லா மாத்திரையையும் விழுங்க வைத்ததன் பலன். டாக்டர் அட்டையைப் புரட்டினார். "வீட்டுலயும் இதே மருந்துதான். அங்க இருநூறு, இங்க தொண்ணூறு. எப்படி ஆண்ட்டி?" என்றார். "தெரியலயே" என்றேன். அவர் அளவைக் கொஞ்சம் குறைத்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார். பில் அரசாங்க ஆஸ்பத்திரி பில், அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு வாரம் கழித்துக் கிளினிக்கில் பார்த்து, அளவு சரியாக இருந்தால்தான் வேன் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். என் கொழுந்தன் வேனை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் அளந்து பார்க்கும் கருவி வாங்கச் சொல்லியிருந்தார்கள். பெடாஸ் கடை வரிசையில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே மருந்தாளராக ஷமீமா என்று ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு கடை தள்ளி அவள் அத்தாவின் சாப்பாட்டுக் கடை. கருவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வாள் என்று பார்த்தால், நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க ஆண்ட்டி. முதுக சாச்சுக்குங்க. கால் மேல கால் போடாதீங்க. கைய மேச மேல வைங்க. அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது."

"அஞ்சு நிமிஷமா? நான் கறிக்கு வெங்காயம் போட்டுட்டு வந்துருக்கேன்."

"அடுப்ப அணச்சிட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"அப்ப உக்காரலாம்."

உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை. அளந்து ஒரு சின்ன நோட்டில் எழுதினாள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், கணவருடையது, பழையது, கடையில் வாங்கியது, எதையும் விடாமல் ஒரு பையில் போட்டு அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னாள்.

நான் பிஸ்கட் டின்னையே தூக்கிக்கொண்டு போனேன். மேசையில் கொட்டிப் பிரித்து வைத்தாள். முட்டிவலிக்கு நான் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையை முதலில் எடுத்துத் தனியே வைத்தாள். அது அழுத்தத்தை ஏற்றும் வகையாம், வேறு தருவதாகச் சொன்னாள். பிறகு தண்ணி மாத்திரை அட்டைகளை வரிசையாக அடுக்கினாள். அடுக்க அடுக்க வந்துகொண்டே இருந்தது.

"மத்ததெல்லாம் தீர்ந்துருக்கு ஆண்ட்டி. இது மட்டும் ஏன் இவ்ளோ மிச்சம்?"

"மறந்துருப்பேன்."

ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "வாரத்துக்கு ரெண்டு எடுத்த மாதிரி ரெண்டு ரெண்டா வெட்டியிருக்கீங்க. எல்லா அட்டையும் ரெண்டு ரெண்டா. மறக்கிறவங்க இப்படி மறக்க மாட்டாங்க."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் அவள் திட்டுவதற்குத் தயாராக இருக்கிற முகத்தோடு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம். ஈரப் பாவாடை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்க மத்தியான நடை எப்ப முடியும்?"

"ரெண்டு மணிக்கு."

"அப்ப ரெண்டரைக்குச் சாப்புடுங்க. சாயங்காலம் வரைக்கும் அடிக்கடி போவீங்க, வீட்டுலதானே இருப்பீங்க. படுக்கிறதுக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். நான் டாக்டருக்கு எழுதித் தரேன். அவங்க சரின்னு சொன்னா நேரத்த மாத்திக்கலாம்."

இவ்வளவுதான். நான்கு வருஷம், ஒரு கூடுதல் மருந்து, ஒரு ஆஸ்பத்திரி. பதில் 'இரண்டரை மணி'. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்த மேசையையே முறைத்துக்கொண்டிருந்தேன். கேட்காதவர்கள் மேலா, சொல்லாத என் மேலா?

கடிதத்தில் 'பள்ளி நாட்களில் இந்த மாத்திரையைச் சாப்பிடவில்லை' என்று எழுதப் போவதாகச் சொன்னாள். "அத எழுதாதீங்க" என்றேன். லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போடுகிறவரும் அதே டாக்டர்தான்.

"எழுதலன்னா நீங்க எல்லாத்தையும் சாப்பிட்டும் ஏறுதுன்னு நெனச்சு இன்னொண்ணு கூட்டுவாங்க ஆண்ட்டி. இனிமே நீங்க ஒழுங்கா சாப்பிடப் போறீங்க. ஆஸ்பத்திரில சுத்துன தல அப்புறம் வேன்ல சுத்தும்."

வேன் என்றதும் அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அன்று வேனில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். ஷமீமா பேனாவை வைத்துவிட்டாள்.

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மருந்தப் பத்திதான் நான் சொல்ல முடியும் ஆண்ட்டி" என்றாள். கடிதத்தை எழுதி என்னிடமே கொடுத்தாள். நான் அதைக் கிழிக்கவில்லை. கிழிக்க நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன்; டாக்டர் படித்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். மூன்றாவது மாத்திரையை நிறுத்தினார், தண்ணி மாத்திரையை இரண்டரைக்கு மாற்றினார். தினமும் காலையில் அளந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் ஷமீமாவிடம் நோட்டைக் காட்டினேன். கருவாடு குறைந்தது, ஊறுகாய் போனது, வாய் மட்டும் குறையவில்லை. ஆறாவது வாரம் எண்கள் படிந்து நின்றன. டாக்டர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். திங்கள்கிழமையிலிருந்து வேன் என் கையில்.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் உண்மையைச் சொன்னேன். "ஒண்ணும் ஆவலயே. இப்ப போய் சொல்லி என்னா ஆவப் போவுது? ஒரு வீட்டுல சொன்னா பன்னெண்டு வீட்டுக்கும் போயிரும். அத்தன பேரும் பிள்ளைய நிறுத்திருவாங்க" என்றார். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அந்த வேன்தான் எங்கள் வீட்டு வருமானத்தின் பாதி. ஆனால் நாளைக்குக் காலையில் யாழினி ஏறி என் பின்னால் உட்காருவாள். கண்ணாடியில் அவள் முகம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது.

தேவி வீட்டுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். மாத்திரையை, கண் மறைந்ததை, தாண்டிப் போனதை, கூப்பிட முடியாததை, பொய்யை. அவள் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் அக்கா. யாழினி அன்னிக்கே சொல்லிட்டா. லாரி வந்துச்சுன்னு மீராவ இழுத்துகிட்டு பள்ளத்துல எறங்கியிருக்கா. காலுல இருந்த சப்பாத்தெல்லாம் சேறு. நான்தான் கழுவுனேன்."

"ஏன் தேவி என்னைக் கேக்கல?"

"ஆஸ்பத்திரில இருக்கறவங்கள என்னான்னு கேக்கறது? வந்தப்புறம் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஆறு வாரமா பார்க்கறேன்."

படியில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வேற வேன் பேசியிருக்கேன்" என்றாள் தேவி. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனவள், வாசலில் நின்று திரும்பினாள். "காலைல பிரஷர் பார்ப்பீங்களா?"

"தெனமும்."

"பார்த்தா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அப்புறம் யோசிக்கறேன்."

பதினோரு வருஷம் ஓட்டுகிறவளை மார்க் ஷீட் காட்டச் சொல்கிறாளே என்று ஒரு கணம் கொதித்தது. விழுங்கிக்கொண்டேன். அங்கிருந்து மற்ற வீடுகளுக்கும் போனேன். எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இருட்டுவதற்குள் மூன்று பிள்ளைகள் என் வேனை விட்டுப் போய்விட்டார்கள். தேவியின் பிள்ளைகளை நான் போனவர்களிலும் சேர்க்கவில்லை, இருப்பவர்களிலும் சேர்க்கவில்லை.

திங்கள்கிழமை காலை நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். நூற்று முப்பத்திரண்டு, எண்பத்து நான்கு. போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனைப் பார்த்தேன். வரவில்லை.

என் நடையில் முதல் வீடு அவளுடையது. தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டேதான் அந்தச் சாலையில் திரும்பினேன். விளக்கு வெளிச்சத்தில் மூன்று பேர் நின்றார்கள். பின்கதவைத் திறந்து பிள்ளைகளை ஏற்றினாள் தேவி. பிறகு சுற்றி வந்து முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த வாரம் எனக்கு மத்தியான ஷிஃப்ட். நானும் வரேன். திரும்பி வரப்ப வீட்டுலயே எறக்கிடுங்க."

பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பள்ளி வாசல் வரைக்கும் அவள் சாலையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமையும் ஏறினாள். புதன், வியாழனும் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை வாசலில் பிள்ளைகள் மட்டும் நின்றார்கள்.